கணவரைக் கொன்றதாக 103 வழக்கு: வருஷக்கணக்காக அடி வாங்கியதை விசாரணையில் எப்படி, எந்தக் கட்டத்தில் கொண்டுவருவது?

சட்டஉதவி_ஜூனியர்

அனைவருக்கும் வணக்கம். சட்ட உதவி மையப் பட்டியலில் இருக்கிற ஜூனியர்களுக்கு அடிக்கடி வந்து சேர்கிற வகை வழக்கு இது. நிலவரத்தைப் பொதுவாக வைத்துக் கேட்கிறேன்.

திருமணமாகி 12 வருஷம், இரண்டு பிள்ளைகள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு முறை சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டு, இரண்டையும் "சமாதானம்" என்று முடித்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு முறை தையல். சம்பவ இரவு கணவர் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டு அடித்துவிட்டுத் தூங்கிவிட்டார். சிறிது நேரம் கழித்து மனைவி அம்மிக் குழவியைத் தலையில் போட்டதாக வழக்கு. காலையில் வி.ஏ.ஓ.விடம் போய் ஒப்புக்கொண்டதாக எஃப்.ஐ.ஆர். பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) வந்த பிறகு நடந்த சம்பவம், அதனால் கொலைக்கான பிரிவு 103.

தற்காப்புரிமை எடுக்கலாமா, ஆத்திரமூட்டல் எடுக்கலாமா, அல்லது வெளிநாட்டுத் தீர்ப்புகளில் வரும் "அடிபட்ட பெண் மனநோய்க்குறி" என்று போகலாமா? எல்லாவற்றையும் கலந்து வாதாடினால் எது நிற்கும், எது கவிழும்?

நடுக்கோர்ட்

முதலில் ஒன்று. இந்த வழக்குகளில் "அவன் அடிப்பான்" என்பதை அரசுத் தரப்பே கொண்டுவரும். குற்றப்பத்திரிகையைப் படித்துப் பாருங்கள்: "குடிபோதையில் தொடர்ந்து துன்புறுத்தி வந்ததால் முன்விரோதம் கொண்டு" என்று எழுதியிருப்பார்கள். அதாவது 12 வருஷ அடி என்பது பி.பி. (அரசு வழக்கறிஞர்) கையில் கொலைக்கான நோக்கம். அதே அடி உங்கள் கையில் தன்கட்டுப்பாடு இழந்ததற்கான காரணம். ஒரே உண்மை, இரண்டு பக்கமும் வெட்டும். வன்முறையை நிரூபித்துவிட்டாலே பாதி ஜெயித்த மாதிரி என்று நினைக்கிற ஜூனியர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

தற்காப்புரிமை: பி.என்.எஸ். 34 முதல் 44. மரணம் வரை போகும் உரிமை 38-ல். ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்கும், அச்சம் தீர்ந்ததும் முடியும். தூங்குகிறவர் விஷயத்தில் இது நிற்பது கடினம். ஆனால் "தூங்கினார்" என்று சொன்னது யார்? போலீஸ் எழுதிய வாக்குமூலம் மட்டும்தானா, பிரேதப் பரிசோதனையும் அதற்குப் பொருந்துகிறதா? காயம் தலையின் ஒரே பக்கம், கையில் தடுப்புக் காயம் இல்லை, ரத்தம் பாயில் மட்டும் என்றால் அரசுத் தரப்புக் கதை பொருந்தும். சுவரில் தெறிப்பு, உடைந்த வளையல் துண்டு, வாசலுக்கும் பாய்க்கும் நடுவில் ரத்தம் என்றிருந்தால் மல்லுக்கட்டு நடந்திருக்கிறது. மஹஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவு) வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கைகலப்புக்கு ஆதாரம் கிடைத்தால் 38, அது மிஞ்சிப்போனதாகப் பட்டால் கொலையை வரையறுக்கும் 101-ன் 2-வது விதிவிலக்கு.

2012-ல் மதுரையில், மகளைப் பாலியல் வன்முறையிலிருந்து காப்பாற்ற கணவரை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணைப் போலீசாரே தற்காப்பு என்று ஏற்று விட்டுவிட்டார்கள். அங்கே ஆபத்து அந்த நொடியில் கண்முன் இருந்தது. அந்தச் செய்தியைக் காட்டி குழவிக்கல் வழக்கில் வாதாட முடியாது.

ஆகவே உங்கள் நிலவரத்தில் முதன்மை வாதம் 101-ன் முதல் விதிவிலக்கு, கடுமையான திடீர் ஆத்திரமூட்டல். அதில் "திடீர்" என்ற சொல்தான் முள். 1961 நானாவதி தீர்ப்பிலேயே (மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி வழக்கு) உச்ச நீதிமன்றம் முந்தைய செயல்கள் உண்டாக்கிய மனநிலையைக் கணக்கில் எடுக்கலாம் என்றது. ஆனால் ஆத்திரம் ஆறும் அளவுக்கு நேரம் போய்விட்டால் விதிவிலக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நானாவதிக்கே அது கிடைக்கவில்லை.

வெள்ளைத்தாள்

நடுக்கோர்ட் சார் விட்ட இடத்திலிருந்து. தமிழ்நாட்டில் வாதாடுகிறவர்கள் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை.

முதலாவது, 1989 சுயம்புக்கனி வழக்கு, மெட்ராஸ் உயர் நீதிமன்றம். "தொடர் ஆத்திரமூட்டல்" என்பது முதல் விதிவிலக்கிலிருந்து வேறுபட்டது, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஆத்திரமூட்டல் என்ற சொல் மட்டும்தான் என்றது அந்தத் தீர்ப்பு. காலப்போக்கில் அடுக்கடுக்காக நடந்த செயல்கள். அதில் கடைசியாக நடந்தது மிக அற்பமானதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, 2022 தௌவாரம் நிர்மல்கர் வழக்கு, உச்ச நீதிமன்றம். அது கணவன் மனைவி வழக்கு அல்ல, அண்ணன் தம்பி வழக்கு. பழைய தண்டனைச் சட்டத்தின் 302-ஐ (கொலை) 304 முதல் பகுதியாக (கொலையாகாத மரணம் விளைவித்தல்) குறைத்தார்கள். கடைசி ஆத்திரமூட்டலை முந்தையவற்றின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பதிலடிக்குச் சற்று முன்பு ஏதோ ஒரு ஆத்திரமூட்டும் செயல் நடந்து, அதுவே தூண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது.

உங்கள் வழக்கில் இதன் பொருள்: தூங்குவதற்கு முன்பு அந்த இரவில் நடந்ததை நிமிஷக் கணக்காக நிறுவ வேண்டும். எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார், எதனால் அடித்தார், பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், அடி நின்றதற்கும் குழவி விழுந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம். "12 வருஷமாகச் சித்திரவதை" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் வாதுரை சுயம்புக்கனிக்குப் போதும், தௌவாரத்துக்குப் போதாது. அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் பாலம்.

ஆயுதமும் பேசும். குழவி, அரிவாள்மனை, உலக்கை என்று வீட்டில் கைக்கு எட்டினது என்றால் திட்டமிடாததற்கு அடையாளம். சாப்பாட்டில் பூச்சிமருந்து என்றால் இந்த விதிவிலக்கை மறந்துவிடுங்கள். முந்தின நாளே பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியதும் அப்படித்தான். பல காயங்கள் இருந்தால் பி.பி. "கொடூரம்" என்பார், நிதானம் போனவர்தான் எண்ணாமல் அடிப்பார் என்பது நம் பதில், ஆனால் அதை மருத்துவர் வாயிலிருந்து வாங்க வேண்டும், வாதுரையில் மட்டும் எழுதினால் நிற்காது.

ஏ.ஆர்_காபி

சட்டம் சரி. காகிதம் எங்கே? இந்த வகை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் காகிதத்தில்.

சி.எஸ்.ஆர். ரசீது என்பது புகார் வந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். தங்கம் அதற்குப் பின்னால் இருக்கிறது. "சமாதானம்" என்று முடித்தார்கள் என்றால் மகளிர் நிலையத்தில் கணவர் கைப்பட ஒரு தாள் எழுதிக் கொடுத்திருப்பார்: "இனிமேல் குடித்துவிட்டு வந்து என் மனைவியை அடிக்க மாட்டேன்". கீழே கையெழுத்து, இரண்டு சாட்சி. இறந்துபோனவரே தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட வாசகம் அது. தன்னைக் குற்ற வழக்குக்கு ஆளாக்கக்கூடிய கூற்று என்ற வகையில் சாட்சியச் சட்டம், பி.எஸ்.ஏ. 26-ல் உள்ளே வரும். அந்தக் கோப்பை வரவழைக்க பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணைமுறைச் சட்டம்) 94-ல் மனு. குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் இந்த மனு போட்டால் தேவேந்திரநாத் பதி தீர்ப்பை (2004) காட்டித் தள்ளுவார்கள். எதிர்த்தரப்புச் சாட்சியக் கட்டம், அதாவது 256-ல்தான் உரிமை முழுசாக வரும். ஆனால் அதுவரை சும்மா இருந்தால் நிலையத்தில் பழைய கோப்பு இருக்காது. ஆரம்பத்திலேயே கோப்பைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடலாம்.

தையல் போட்ட மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு, நாம் சொல்லும் ஏ.ஆர். இருக்கும். அதில் "கீழே விழுந்ததாகச் சொன்னார்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். கணவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் வேறு சொல்ல மாட்டாள். உடன் வந்தவர் பெயர் என்ற கட்டத்தில் கணவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேலே ஒரு கிழிசல், இடது முன்கையில் கன்றல் என்றால், விழுந்த காயமா தடுத்த காயமா என்று அந்த மருத்துவரையே எதிர்த்தரப்புச் சாட்சியாக அழைத்துக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாமல் அழைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கைதான அன்று. பி.என்.எஸ்.எஸ். 53-ன்படி கைதானதும் மருத்துவப் பரிசோதனை, பெண் என்றால் பெண் மருத்துவர் அல்லது அவர் மேற்பார்வையில். உடம்பில் உள்ள காயம், வன்முறை அடையாளம், ஏறக்குறைய எப்போது பட்டது என்று எழுத வேண்டும், நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும். நடப்பு என்ன? ரிமாண்டுக்குப் போகும் அவசரத்தில் "வெளிக்காயம் இல்லை" என்று ஒரு வரி. முதுகும் தொடையும் யாரும் பார்ப்பதில்லை. அன்று இரவே அடி வாங்கியவர் என்றால் காயத்தின் நிறம் நேரத்தைச் சொல்லும், நாலு நாளில் அதுவும் போய்விடும். ரிமாண்டில் ஆஜராகும் சட்ட உதவி வக்கீல் செய்ய வேண்டிய முதல் வேலை, நீதித்துறை நடுவரிடம் காயத்தைச் சொல்லி மறுபரிசோதனைக்கு உத்தரவு கேட்பது. அது தவறிப்போனால் சிறையில் சேர்க்கும்போது எழுதும் மருத்துவப் பதிவேட்டைக் கேளுங்கள். பல வழக்குகளில் உண்மை அங்கேதான் எழுதியிருக்கும்.

குறுக்கு_விசாரணை

வி.ஏ.ஓ. வாக்குமூலம் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் காலை 6 மணிக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சரணடைவது ஒரு சடங்கு மாதிரி. அதை உடைக்க வேண்டும் என்பதுதான் எல்லா ஜூனியருக்கும் முதல் ஆசை. இந்த வகை வழக்கில் உடைப்பதற்கு முன் படியுங்கள்! அதில் "தினமும் குடித்துவிட்டு அடிப்பார், நேற்றும் அடித்தார், ஆத்திரத்தில் போட்டுவிட்டேன்" என்று இருந்தால், ஆத்திரமூட்டலுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுவாகக்கூட இருக்கலாம். ஒப்புதலை முழுதாகத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி 1952 பல்விந்தர் கௌர் தீர்ப்பிலேயே இருக்கிறது (அவரும் கணவர் மரணத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்). பின்னால் நிஷிகாந்த் ஜா வழக்கில், நம்ப முடியாத பகுதியை நீதிமன்றம் ஒதுக்கலாம் என்று தளர்த்தினார்கள். ஆகவே அந்தப் பகுதி நம்பும்படி இருக்க ஏ.ஆர்., சி.எஸ்.ஆர். துணை வேண்டும்.

அவரே போலீசில் போய்ச் சொல்லி அதுவே எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால், அக்னு நாகேசியா தீர்ப்பின்படி அந்த ஒப்புதல் அவருக்கு எதிராக வராது. "எதிராக" என்பதைக் கவனியுங்கள். சாதகமாகப் பயன்படுத்தத் தடை இல்லை. மொட்டைத் தேவர் வழக்கில் (1952) மெட்ராஸ் உயர் நீதிமன்றம் ஆத்திரமூட்டலுக்காக அப்படிப் பார்த்திருக்கிறது.

அடுத்து கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை. முதல் சாட்சியைத் தொடுவதற்கு முன்பே முடிவெடுங்கள்: செய்யவே இல்லை என்ற நிலையா, செய்தார் ஆனால் 105 (கொலையாகாத மரணம், பழைய 304) என்ற நிலையா? மாமியாரிடம் "உங்கள் மகன் அடித்ததால்தான் அவர் திருப்பி அடித்தார் என்றால் சரிதானே" என்று ஒரு யோசனைக் கேள்வி போட்டுவிட்டு, பிறகு பி.என்.எஸ்.எஸ். 351-ல் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்கும் கேள்விக்கு "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பதில் வந்தால் இரண்டும் போயிற்று. எதிர்த்தரப்பு வக்கீலின் யோசனைக் கேள்விகளை மற்ற சாட்சியத்தோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று 2023 பாலு சுதாம் கால்டே தீர்ப்பு சொல்லிவிட்டது. விதிவிலக்கை எடுத்துச் சொல்லாவிட்டாலும் பதிவில் ஆதாரம் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்பது உண்மை. நிரூபிக்கும் அளவும் குறைவு, நிகழ்தகவு மேலோங்கினால் போதும். ஆனால் வாயே திறக்காத 351-லிருந்து எந்த நீதிபதியும் ஆத்திரமூட்டலைத் தானாகத் தோண்டி எடுத்துத் தர மாட்டார். எழுத்துமூல அறிக்கை ஒன்றைத் தயார் செய்து 351 அன்று தாக்கல் செய்யுங்கள்.

பிள்ளைகள் அரசுத் தரப்பு சாட்சி என்றால், சம்பவத்துக்குப் பிறகு யார் வீட்டில் வளர்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அப்பாவைப் பெற்றவர்கள் வீடு. பிள்ளையைப் பொய்யன் ஆக்க வேண்டாம். "அப்பா வந்தால் நீங்கள் எங்கே ஒளிவீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். பத்து வயதுப் பிள்ளை "கட்டிலுக்கு அடியில்" என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், உட்காருங்கள்.

சட்டஉதவி_ஜூனியர்

நன்றி சார், மேடம். இரண்டு சந்தேகம் மிச்சம். மனநோய்க்குறி வாதத்துக்கு நிபுணர் சாட்சி வேண்டுமா? இதே கொடுமையால் தாய் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட வழக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வெள்ளைத்தாள்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சுயம்புக்கனியே அந்த வகை வழக்குதான். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காள் கதையை வைத்து அதை "நல்லதங்காள் நோய்க்குறி" என்று அழைத்தார்கள். (நல்லதங்காளை விரட்டியது பஞ்சமும் மூளி அலங்காரியும், வழக்குகளில் வரும் பெண்களை விரட்டுவது பெரும்பாலும் கட்டினவன்தான். பெயர் நெஞ்சைத் தொடும், ஆனால் முழுசாகப் பொருந்தாது.) சட்டச் சிக்கல் இதுதான்: முதல் விதிவிலக்கு ஆத்திரமூட்டியவரைக் கொன்றால் பொருந்தும், தவறுதலாகவோ விபத்தாகவோ வேறொருவர் இறந்தாலும் பொருந்தும். பிள்ளை ஆத்திரமூட்டவில்லை, அதைத் தூக்கிக் குதித்தது தவறுதலும் அல்ல. பிரிவின் எழுத்துக்குள் இடம் இல்லாததால்தான் உயர் நீதிமன்றம் விதிவிலக்குக்கு வெளியே போய்த் தொடர் ஆத்திரமூட்டலைத் தனியாக நிறுத்தியது. ஆகவே தாய் பிள்ளை வழக்கில் சுயம்புக்கனி வரிசைதான் துணை, தௌவாரம் அவ்வளவு உதவாது.

தற்கொலை முயற்சி: பழைய 309 பி.என்.எஸ்.சில் இல்லை, 226 என்பது அரசு ஊழியரை வற்புறுத்தத் தற்கொலைக்கு முயல்வது மட்டும். பழைய வழக்கு என்றால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115: கடும் மன அழுத்தத்தில் இருந்ததாக ஊகம். அது கொலைக் குற்றச்சாட்டைத் தொடாது. ஆனால் அந்த நேரத்து மனநிலை பற்றிச் சட்டமே ஊகிக்கும்போது, அதே நொடியில் பிள்ளையைத் தூக்கியவரின் மனம் வேறாக இருந்ததா என்று வாதிட இடம் இருக்கிறது.

நோய்க்குறி: குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2013-ல் மஞ்சு லாக்ரா வழக்கில் அந்தக் கருத்தைப் பயன்படுத்தி 302-ஐ 304 ஆகக் குறைத்தது. அங்கே குடித்துவிட்டு அடித்த கணவர் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி அடித்தார். நிபுணர் சாட்சி பி.எஸ்.ஏ. 39-ல் வரும், கட்டாயம் அல்ல. என் கருத்து: "நோய்" என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் வந்தால் பி.பி. கேட்கும் முதல் கேள்வி "செய்வது என்னவென்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்றால் மனநலம் குன்றியவருக்கு விலக்கு தரும் பிரிவு 22 போயிற்று. தெரியாது என்று நிரூபித்து விடுதலை வாங்கினாலும் நேரே வீட்டுக்குப் போக முடியாது, பாதுகாப்புக் காவல் அல்லது உறவினர் பொறுப்பில் ஒப்படைப்பு. நிபுணரிடம் வாங்க வேண்டியது நோயின் பெயர் அல்ல. ஏன் விட்டுப் போகவில்லை, ஏன் புகாரைத் திரும்பப் பெற்றார், அவர் எந்திரித்தால் என்ன நடக்கும் என்று ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினார் என்பதற்கான விளக்கம்.

கடல்தாண்டி

வெளிநாட்டுத் தீர்ப்பு காட்டுகிறவர்களுக்கு ஒரு திருத்தம். இங்கிலாந்தின் கிரண்ஜித் அலுவாலியா வழக்கை (1992) "தொடர் ஆத்திரமூட்டலை ஏற்ற தீர்ப்பு" என்று வாதுரைகளில் எழுதுகிறார்கள். தவறு. 1949 டஃபி தீர்ப்பின் "திடீர், தற்காலிகத் தன்கட்டுப்பாட்டு இழப்பு" என்ற அளவுகோலை அந்த மேல்முறையீட்டில் மாற்றவில்லை. தாமதம் இருந்தாலே வாதம் தோற்றது என்று ஆகாது, ஆனால் தாமதம் கூடக்கூட அது வலுவிழக்கும் என்றார்கள். தீர்ப்பு ரத்தானது, அவருடைய மன அழுத்தம் பற்றிய மருத்துவச் சான்று விசாரணையில் வைக்கப்படவே இல்லை என்பதற்காக. பிறகு குறைந்த பொறுப்பு (மனநிலைக் கோளாறால் பொறுப்பு குறைவது) அடிப்படையில் கொலையல்லாத குற்றமாக ஏற்று, ஏற்கெனவே அனுபவித்த 3 வருஷம் 4 மாதத்தோடு விட்டார்கள். "திடீர்" என்ற நிபந்தனை அங்கே சட்டத்திலிருந்து போனது 2009 சட்டத்தால், 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் சட்டத்தில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது, புதுச் சட்டத்திலும் அப்படியே எழுதி வைத்தார்கள். குறைந்த பொறுப்பு என்ற பகுதித் தற்காப்பு நம்மிடம் இல்லவே இல்லை. ஆகவே அலுவாலியாவைக் காட்டி இங்கே நேரடியாக ஒன்றும் கேட்க முடியாது.

நடுக்கோர்ட்

திருத்தத்துக்கு நன்றி, அது அடிக்கடி நடக்கிற தப்பு.

ஜாமீனையும் தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். பி.என்.எஸ்.எஸ். 480-ன் நிபந்தனை வாசகம் பெண் என்பதற்காக ஆயுள் தண்டனைக் குற்றத்திலும் ஜாமீன் தர இடம் தருகிறது. "தரலாம்" என்பதுதான் சொல். நடுவர் கொலை வழக்கில் பெரும்பாலும் தள்ளுவார், 483-ல் செஷன்ஸ், பிறகு உயர் நீதிமன்றம். 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் 187(3)-ல் ஜாமீன் உரிமை, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு காலம் இருந்தால் விடுதலை என்கிற 479 இங்கே உதவாது, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு அது இல்லை. ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளை தாயோடு சிறையில் இருந்தால் அதை ஜாமீன் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சட்ட உதவிக்கு வருமானச் சான்று கேட்டால் 1987 சட்டம் 12(சி)-யைக் காட்டுங்கள், பெண் என்றால் வருமான வரம்பு இல்லை.

தண்டனைக் கட்டத்தில் 12 வருஷக் கதையைச் சொல்லிக் கருணை வாங்கலாம் என்று சிலர் காத்திருப்பார்கள். 103-ல் குறைந்தபட்சமே ஆயுள். நீதிபதி கண் கலங்கினாலும் அதற்குக் கீழே இறங்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அதற்குப் பிறகு 475, 14 வருஷம் முடியாமல் முன்விடுதலையும் இல்லை. ஆகவே அடிதடி வரலாறு முழுவதும் தீர்ப்புக்கு முன்பே பதிவில் ஏறியாக வேண்டும். 105-க்கு இறங்கினால்தான் தண்டனை பற்றிய 258(2) விசாரணைக்கு அர்த்தம். அங்கேயும் ஒரு பள்ளம்: பழைய 304 முதல் பகுதியில் குறைந்தபட்சத் தண்டனை இல்லை, 105 முதல் பகுதியில் 5 வருஷம் குறைந்தபட்சம். கொல்லும் எண்ணம் இல்லை, இறக்கக்கூடும் என்ற அறிவு மட்டும்தான் என்று இரண்டாம் பகுதிக்கு இறக்கினால் அந்தத் தரை இல்லை. ஆனால் குழவிக்கல்லைத் தலையில் போட்டதை "அறிவு மட்டும்" என்று காட்டுவது கஷ்டம். கல்லின் எடையைச் சான்றுப்பொருளைப் பார்த்து எடுங்கள், ஒரே அடியா என்று பிரேதப் பரிசோதனையில் பாருங்கள்.

2024 ஜூலை 1-க்கு முந்தின சம்பவம் என்றால் பழைய 304 தான், 5 வருஷக் குறைந்தபட்சம் வராது. விசாரணை பி.என்.எஸ்.எஸ்.சில் நடப்பதைப் பார்த்துக் குழம்பி 105 என்று எழுதிவிடாதீர்கள்.

ஏ.ஆர்_காபி

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். "கள்ளத்தொடர்பு" என்று ஒரு வரி குற்றப்பத்திரிகையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அலைபேசி அழைப்புப் பட்டியலை அரசுத் தரப்பு தாக்கல் செய்திருக்கிறதா என்று தேடுங்கள். பல நேரம் அந்த வரிக்குப் பின்னால் ஒரு தாளும் இருக்காது, விசாரணை அதிகாரியிடம் கிராஸில் "பட்டியல் வாங்கினீர்களா, ஏன் தாக்கல் செய்யவில்லை?" என்று இரண்டு கேள்வி கேட்டு வாங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால், தீர்ப்பில் 12 வருஷ அடி ஒரு பத்தியில் முடிந்துவிடும், அந்த ஒரு வரி மூன்று பக்கத்துக்கு ஓடும்.